இரண்டாவது கரண்டித் தயிர்

மன்னியின் அப்பா எதையும் சும்மா செய்யமாட்டார். செய்ததற்கும் காரணம் சொல்வார், செய்யாமல் விட்டதற்கும் சொல்வார். கேட்டவர்களுக்குச் சொல்வார், கேட்காதவர்களைப் பிடித்து நிறுத்தியும் சொல்வார். கொளுத்துகிற சித்திரையில் குடையில்லாமல் வந்து நிற்பார். ஏன் மாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று தொண்டையைச் செருமிக்கொள்வார். குடை கையில் இருந்தால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லையாம். அடுத்த வாரம் வெயிலும் இல்லாத மழையும் இல்லாத ஒரு நாளில் குடையோடு வருவார். கூட்டத்தில் ஊன்றிக்கொள்ள ஒன்று வேண்டுமாம். போன வாரம் வேறு சொன்னீர்களே என்று மடக்கினால், "போன வாரத்துக் காரணம் போன வாரத்தோட போச்சு, குழந்தே" என்று சிரிப்பார். இப்படி ஒரு மனுஷரிடம் யார் கோபித்துக்கொள்ள முடியும்?

மன்னி என்பது என் அண்ணாவின் மனைவி. அவள் அப்பாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மன்னி இன்னும் இருக்கிறாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மளிகைச் சாமான் சுற்றி வந்த பேப்பரைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறாள். அவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. பெயரில்லாமல் இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன், இங்கேயும் மாமா என்றே இருக்கட்டும்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில். அவர்கள் மன்னார்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மாமாவுக்கு ஏதோ ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க் வேலை. ஒரே பெண். இருபத்து நாலு வயது முடிந்துவிட்டது, அந்த நாளில் அது முற்றிப்போன வயது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று தகவல் போனதும் ஆவணி மாதத்தில் மாமா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நெடுநெடுவென்று உயரம், பளிச்சென்று திருமண், மடிப்புக் கலையாத வேஷ்டி. முகம் மட்டும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி உப்பலாக இருந்தது.

அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்தனுப்பினாள். மாமா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது எல்லாரும் அறிந்த வழக்கம்தான். பெண் வீட்டார் பிள்ளை வீட்டிலும், பிள்ளை வீட்டார் பெண் வீட்டிலும் வாக்குக் கொடுக்கிறவரைக்கும் சாப்பிடமாட்டார்கள். அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவரோ, தான் சாதுர்மாஸ்யம் அனுஷ்டிப்பதாகவும் சொன்னார். ஆடியில் ஆரம்பித்து நாலு மாதம் சந்நியாசிகள் இருக்கிற விரதம் அது. ஒரு மாதம் காய்கறி இல்லை, ஒரு மாதம் தயிர் இல்லை, ஒரு மாதம் பால் இல்லை, கடைசி மாதம் பருப்பு இல்லை. இது தயிர் விடுகிற மாதம் என்றார். மோருக்குத் தோஷமில்லையே என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அடியேன் இரண்டையுமே விட்டுவிட்டேன் என்றார். அப்பாவுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. குடும்பஸ்தனாக இருந்துகொண்டு சந்நியாசி விரதம் என்றால் சும்மாவா?

அவர் போன பிறகு அம்மா அந்த மோரை எனக்குக் கொடுத்துவிட்டு, "ஒரு காரணம் போறுமே, எதுக்கு ரெண்டு சொல்றார்?" என்றாள்.

நான் அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது, வாய் சும்மா இருக்காது. மாமாவைச் சேவிப்பதற்காகத் தரையில் விழுந்தபோது அவர் காலைக் கிட்டத்தில் பார்த்திருந்தேன். செருப்பின் வார் இருந்த இடம் குழியாகப் பதிந்திருந்தது. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்த வாணலியை இறக்கி வைத்துவிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அம்மாவின் தம்பி ஒருவர் முப்பது வயதில் இப்படித்தான் முதலில் கால் வீங்கி, பிறகு முகம் வீங்கி, பிறகு மூச்சுவிட முடியாமல் போனார். கிட்னி கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். அம்மாவின் பெரியப்பாவும் அப்படியே போனவர். அதனால் அது ரத்தத்தில் வருகிற வியாதி என்பது அம்மாவின் தீர்மானம். இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு என் பிள்ளைக்குப் பிறக்கிற குழந்தைகளுக்கும் வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று அன்று ராத்திரி அப்பாவிடம் அழுதாள். அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

அண்ணாவுக்கோ பெண்ணைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே கிடையாது. அதனால் எதுவும் நிற்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை கோயிலுக்கு வந்தவர் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்தார். காபியைத் தொடவில்லை, பால் விடுகிற மாதம். தீபாவளிக்கு மறுநாள் வந்தார். பட்சணத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டிலேயே வைத்துவிட்டார், பருப்பு விடுகிற மாதம். தண்ணீர் கொடுத்தால் ஒரு மிடறு. காவேரித் தீர்த்தம் உத்தரணி அளவு உள்ளே போனாலே போதும் என்பார். உப்பும் இல்லை என்று யாரோ சொன்னார்கள், கேட்டதற்கு ஒப்பிலியப்பனுக்கு வேண்டுதல் என்றார். உப்பில்லாத நைவேத்யம் கண்டருளுகிற பெருமாள் ஆயிற்றே, அதை யார் தட்டிக் கேட்க முடியும்? எதிர் வீட்டுக்காரர் மாமாவைக் கண்டால் எழுந்து நிற்கத் தொடங்கினார். அண்ணாவின் சிநேகிதன் ஒருவன் மட்டும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில் இந்த மனுஷர் மசால் தோசைக்கு மேல் தயிர் வடை சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். பக்தி எப்போது வேண்டுமானாலும் வரலாமே என்று அப்பா அவன் வாயை அடைத்துவிட்டார்.

அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால் மன்னி சொல்லித்தான் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். உப்பு கிடையாது, ஊறுகாய் அப்பளம் கிடையாது, பருப்பு பேருக்கு, தண்ணீர் அளந்து. தயிர் மட்டும் அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு நாளைக்கு ஓர் அவுன்ஸ் என்று சொல்லியிருந்தார். மாமிக்கு, அதாவது மன்னியின் அம்மாவுக்கு, அவுன்ஸ் கணக்கு பிடிபடவில்லை. மன்னிக்குக் குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே காட்டி, இதில் ஒன்று சரியாக இருக்குமா என்று கேட்டாளாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம். அன்றிலிருந்து மாமாவுக்குத் தினம் ஒரு பாலாடைத் தயிர்.

மாமா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிறவி. ஐந்து மாடு கட்டியிருந்த வீட்டில் வளர்ந்தவர். எருமைத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும் என்று பெருமையடிப்பார். அப்பேர்ப்பட்டவர் உப்பில்லாத சாதத்தில் அந்த ஒரு பாலாடையை விட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து, வெள்ளை நிறம் எல்லாச் சாதத்துக்கும் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவாராம். பாலாடையின் மூக்கில் ஒட்டியிருப்பதை விரலால் வழிப்பாராம். மாமி அதைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விடுவாளாம்.

மன்னி சொன்ன இன்னொன்றும் உண்டு. மாமா முன்பெல்லாம் இப்படிக் காரணம் சொல்கிற ஆளே இல்லையாம். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவராம். எங்களுக்கு முன்னால் மன்னிக்கு ஓர் இடம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. எதையும் மறைக்கக்கூடாது என்று அவர்களிடம் தன் வியாதியைச் சொல்லியிருக்கிறார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனவர்கள் நாலாம் நாள் ஒரு கார்டு போட்டார்கள். குடும்பத்தில் வியாதி இருக்கிற இடத்தில் சம்பந்தம் செய்துகொள்வதாக இல்லை என்று இரண்டே வரி. அந்தக் கார்டை மாமா மன்னியின் கண்ணில் படாமல் கிழித்துப்போட நினைத்தார், தபால்காரர் அதை மன்னியின் கையில்தான் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வந்தது.

தை மாதம் நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில், வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சாதுர்மாஸ்யம் கார்த்திகையோட முடிஞ்சாச்சு. இப்ப என்ன விரதம் சொல்வார், பார்க்கலாம்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அம்மா ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது.

முறைப்படி லக்ன பத்திரிகை வாசித்து வாக்குக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. அவர்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். பத்து மணிக்கு வாசித்திருக்கலாம். அம்மா குங்குமச் சிமிழைக் காணோம் என்றாள், அப்புறம் தாம்பாளத்தைத் திரும்பத் துலக்கச் சொன்னாள். பத்தரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். நல்ல காரியத்தை ராகுகாலத்தில் வாசிக்கலாமா, முதலில் எல்லாரும் சாப்பிட்டுவிடட்டும் என்றாள். மாமா மட்டுமா காரணம் கண்டுபிடிப்பார்? வாக்குக் கொடுக்காமல் கை நனைப்பதா என்று மாமா தயங்கினார். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, நாளும் பார்த்தாகிவிட்டது, இனிமேல் என்ன வேற்று மனுஷா மாதிரி என்று அம்மா சொன்னதும் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அடுக்களையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். வெண்கலப் பாத்திரம் நிறையத் தயிர், ஆடையோடு. முதல் நாளே எருமைப் பால் சொல்லி வாங்கித் தோய்த்தது.

"மாமாவுக்கு நீ போய்ச் சாதி. நல்ல கரண்டியா விடு. வேண்டாம்னா வற்புறுத்து. சாப்பிட்டார்னா உடம்புக்கு ஒண்ணுமில்லை, பத்திரிகை வாசிச்சுடலாம். இலையை மூடினார்னா உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் அம்மா இப்படி என்றுகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது. கால் வீக்கத்தைக் கண்டுபிடித்தவள் நான்தானே, அது சரியா தப்பா என்று தெரியப்போகிறது. அந்த வயதுப் புத்தியை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மாமா பந்தியில் முதல் இலையில் இருந்தார். சாற்றமுதுச் சாதம் வரைக்கும் எதையோ பிசைந்துகொண்டும் பேச்சுக் கொடுத்துக்கொண்டும் சமாளித்திருந்தார். இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நான் பாத்திரத்தோடு போய்க் குனிந்தேன். கரண்டியில் ஆடை தொங்கிக்கொண்டிருந்தது. மாமா தயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுக்களைக் கதவைப் பார்த்தார். அங்கே அம்மாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. பக்கத்து இலையில் மாமி இருந்தாள், அவள் கை சாதத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

போதும் என்று சொல்லவில்லை. இலையில் கையை வைத்து மறைக்கவில்லை. நான் விட்டேன். பிசைந்து ஐந்தாறு கவளமாகச் சாப்பிட்டார். நான் நிமிர்ந்து அடுத்த இலைக்கு நகரப் போனபோது மாமா கூப்பிட்டார்.

"குழந்தே, இன்னொரு கரண்டி விடு. அந்த மாவடுவையும் கொண்டு வரச் சொல்லு."

அடுக்களையில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெருமாளே என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சரியாகப் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்குப் பத்திரிகை வாசித்தார்கள். மாசியில் கல்யாணம்.

ஒரு நாள் தயிரில் ஒரு மனுஷர் செத்துப்போய்விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஒரு நாளோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு தடவை சாப்பிட்டவர் இரண்டாவது தடவை எதைச் சொல்லி மறுப்பார்? பங்குனி உத்திரம், வருஷப் பிறப்பு, மன்னியைக் கொண்டுவிட வருகிற நாள், அழைத்துப் போக வருகிற நாள் என்று எங்கள் வீட்டில் இலை போட்டுக்கொண்டே இருந்தோம். மறுத்தால் அன்றைக்குத் தெரியாதது இன்றைக்குத் தெரிந்துவிடும், பெண்ணை எப்படி நடத்துவார்களோ என்ற பயம் அவருக்கு. சம்பந்திக்கு உபசாரம் குறைந்துவிடக்கூடாது என்ற கவலை எங்களுக்கு. நான்தான் பரிமாறுவேன். கை தாராளம் என்று என்னைப் பாராட்டுவார். வைகாசியில் அவர் எங்கள் வாசற்படியில் ஏறக் குடையை ஊன்றிக்கொண்டு நின்று நின்று ஏறினார். படி ரொம்ப அழகாக இருக்கிறதாம், பார்த்துக்கொண்டே ஏறுகிறாராம்.

ஆடியில் ஒரு நாள் அடுக்களையில் நானும் மன்னியும் மட்டும் இருந்தோம். மன்னி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "எங்கப்பாவுக்கு இனிமே தயிர் விடாதே" என்றாள். பிறகு பாலாடை, டாக்டர், கார்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று கெஞ்சினாள். நிச்சயதார்த்தத்தன்று நடந்தது பரீட்சை என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் என்னை நம்பி அழுதுகொண்டிருந்தாள், நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். மன்னி கெஞ்சிக் கேட்டதை மீறித்தான் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் தம்பிக்கும் இப்படி யாராவது அளந்து போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான் என்றாள். அதன்பிறகு அவள் மன்னியை ஒரு வார்த்தை சொன்னதில்லை, கண்ணால்கூடக் கடிந்ததில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆனால் அடுத்த தடவை மாமா வந்தபோது அம்மா ஒரு காரியம் செய்தாள். நல்லதாக நினைத்துத்தான் செய்தாள். அவருக்கென்று தனியாக உப்பில்லாமல் தளிகை பண்ணினாள். எங்கள் வீட்டுப் பாலாடையைத் தேடி எடுத்து அதில் தயிர் அளந்து, இலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

மாமா பாலாடையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுஷருக்கு முகம் சட்டென்று சுண்டிப்போயிற்று. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, கையலம்பிவிட்டு வந்து, "தளிகை நன்னாயிருந்தது" என்று அம்மாவிடம் சொன்னார். வேறு காரணம், கதை, சிரிப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் சாப்பிடவே இல்லை. வாசலோடு வருவார், பழத்தைக் கொடுப்பார், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிடுவார். மாமியார் ஏதாவது சொன்னாளா என்று மன்னியிடம் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கேட்பாராம். இல்லை என்று அவள் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

மறு பங்குனியில் மாமாவைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையும் காலும் ஊதி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. ஜவ்வரிசிக் கஞ்சி, குளுகோஸ் தண்ணீர், அவ்வளவுதான். அதுவும் முழுங்க முடியவில்லை. மாமியும் மன்னியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிற்பகலில் அவர்கள் சாப்பிட்டு வருகிற நேரத்துக்கு நான் போய் உட்காருவேன். நான் அப்படிப் போன முதல் நாள் காலையில்தான் டாக்டர் அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நாள் கணக்குதான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணா எனக்கு மட்டும் சொன்னான்.

மாமா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீ தயிர் சாதிச்சியே, அது பரீட்சைதான்னு எனக்குத் தெரியும்" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மாமா என்றேன்.

"நான் தப்பு சொல்லலை. நான் பிள்ளையைப் பெத்திருந்தா நானும் பார்த்திருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "முதல் கரண்டி உன் மன்னிக்காகச் சாப்பிட்டேன். ரெண்டாவது நானாக் கேட்டு வாங்கிண்டேனே, அதையும் அவளுக்காகன்னே எல்லாரும் நினைச்சுண்டிருக்கா. உங்க மாமி, பொண்ணுக்காக உயிரைக் கொடுத்தேள்னு சொல்லிச் சொல்லி அழறா. அதெல்லாம் இல்லை. ஆசை. நாக்கு கேட்டது, வாங்கிச் சாப்பிட்டேன். அதுக்கு ஒரு காரணமும் கிடையாது."

அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கொஞ்சம் தயிர் கொண்டு வந்து தரியா? மாமிக்கும் மன்னிக்கும் தெரிய வேண்டாம். நீயே உன் கையால கொண்டு வா."

வீட்டில் தயிர் இருந்தது. காலையில் நானே உறியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் போய்த் திரும்பியிருக்கலாம், ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வந்திருக்கலாம். இனி அவரைக் கெடுக்கத் தயிரால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் கொடுத்து, அன்று ராத்திரியே ஏதாவது ஆகிவிட்டால்? இவள்தான் தயிரைக் கொடுத்தாள் என்று பேச்சு வரும். அதைத் தோண்டினால் நிச்சயதார்த்தத்துத் தயிரும் வெளியே வரும். மன்னி அப்புறம் என் முகத்தில் விழிப்பாளா? எனக்கு அந்தக் கவலைதான் இருந்தது. அவர் உயிரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, என் பெயரைப் பற்றித்தான் யோசித்தேன்.

"இன்னிக்கு ஆத்துல பால் திரிஞ்சுபோயிடுத்து மாமா. தயிரே இல்லை. நன்னாத் தோய்ச்சு நாளைக்குக் கொண்டு வரேன்" என்றேன்.

காரணம் சொல்வதில் ஊறிய மனுஷரிடம் நான் சொன்ன காரணம் அது. அவருக்கா தெரியாது? என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா, அதுக்கென்ன" என்று சமாதானமாகச் சொன்னார். எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

அதன்பிறகு மாமா ஆறு நாள் இருந்தார். ஆறு நாளும் நான் பிற்பகலில் போனேன், ஆறு நாளும் வெறுங்கையோடு போனேன். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அடுக்களைவரை போய்விட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்பார். அண்ணா ஆபீஸ் போயிருக்கிறானா என்பார். கடைசி நாள் பேச்சு குழறியது, அப்போதும் என் அம்மா சௌக்கியமா என்று விசாரித்தார். தயிரைப் பற்றி மட்டும் என்னிடம் அவர் மறுபடி கேட்கவே இல்லை.